உழைப்பும் சட்டமும் – 11: தாடையெலும்பும் சட்டத் தொகுப்பும்

முதலில் பல்வலிதான் வரும். தீக்குச்சிக்கு மருந்து முக்கும் பெண்ணுக்கோ, காய்ந்த குச்சிகளைப் பெட்டியில் அடைக்கும் சிறுமிக்கோ கடைவாயில் ஒரு பல் சொத்தையாக இருக்கும். வெள்ளை பாஸ்பரஸின் ஆவி அந்த ஓட்டை வழியே தாடைக்குள் இறங்கும். பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது. ஈறு வீங்கிச் சீழ் கட்டும், எலும்பு உயிரிழந்து துண்டு துண்டாக வெளியே வரும். அந்த நாற்றத்தால் சொந்த வீட்டாரே பக்கத்தில் உட்கார மாட்டார்கள். கடைசியில் அறுவை மருத்துவர் கீழ்த்தாடையையே எடுத்துவிடுவார். அதன்பிறகு பிழைத்திருந்தவர்கள் கஞ்சியும் சூப்பும் குடித்து, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வாழ்ந்தார்கள்.

இந்த நோயை வியன்னாவின் மருத்துவர் லோரின்சர் 1840-களின் நடுவிலேயே விவரித்துவிட்டார். பாஸ்பரஸ் தீக்குச்சி பரவலாக விற்பனைக்கு வந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. ஆனால் உலகின் பெரும்பகுதியில் வெள்ளை பாஸ்பரஸ் தடை செய்யப்பட மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. காரணம் தெரிந்திருந்தது, மாற்றும் இருந்தது. சிவப்பு பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கவாட்டில் பூசிச் செய்த பாதுகாப்புத் தீக்குச்சியை ஸ்வீடன் 1850-களிலேயே சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. எங்கே உரசினாலும் பற்றும் குச்சிதான் வேண்டும் என்பவர்களுக்கும் 1898-இல் பிரான்ஸில் விடை கிடைத்தது. பாஸ்பரஸ் செஸ்குவிசல்பைடு என்ற சேர்மத்தை வைத்து, விஷமில்லாத குச்சியை செவேன், காயென் என்ற இரண்டு வேதியியலாளர்கள் உருவாக்கினார்கள்.

பிறகு ஏன் இத்தனை தாமதம்? முதலாளிகள் எல்லா நாட்டிலும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "நாங்கள் மட்டும் நிறுத்தினால் பக்கத்து நாட்டுக்காரன் மலிவான குச்சியை அனுப்பி எங்கள் ஆலையை மூட வைப்பான். அதன்பின் உங்கள் தொழிலாளிக்குத் தாடை இருக்கும், வேலை இருக்காது." இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. ஃபின்லாந்து 1872-இலும் டென்மார்க் 1874-இலும் வெள்ளை பாஸ்பரஸைத் தடை செய்து தாக்குப்பிடித்தன. ஸ்விட்சர்லாந்து 1879-இல் தடை செய்து, கள்ளத் தயாரிப்பைச் சமாளிக்க முடியாமல் 1882-இல் பின்வாங்கியது. மறுபடி தடை போட 1898 வரை அதற்குத் துணிவு வரவில்லை.

சென்ற பகுதியில் பிரிட்டனின் ஆலை ஆய்வாளர்கள் எழுதிய அரையாண்டு அறிக்கைகளைப் பார்த்தோம். ஒரு நாட்டுக்குள் நடப்பதை அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குச் சொல்ல அவை போதுமானவை. பக்கத்து நாட்டைக் காட்டித் தப்பிக்கும் வாதத்துக்கு அவற்றில் பதில் கிடையாது. அந்த வாதத்தை உடைக்க வேறு வகையான நூல் ஒன்று தேவைப்பட்டது. எல்லா நாட்டுத் தொழிலாளர் சட்டங்களையும் மொழிபெயர்த்து, ஒரே அட்டைக்குள் அடுக்கி, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய நூல். அது பிறந்த ஊர் ஸ்விட்சர்லாந்தின் பாசெல்.

நாடுகள் சேர்ந்து சட்டம் செய்யவேண்டும் என்ற எண்ணம் பழையது. ரிப்பன் நெசவு ஆலை வைத்திருந்த அல்சாஸ்காரர் டேனியல் லெக்ரான் 1840-களிலும் 50-களிலும் ஐரோப்பிய அரசுகளுக்கு மனு மேல் மனு எழுதினார். குழந்தைகளை வேலைக்கு வைப்பதையும் இரவு வேலையையும் எல்லா நாடுகளும் ஒன்றாகக் கட்டுப்படுத்தினால் எந்த முதலாளிக்கும் நட்டமில்லை என்பது அவர் வாதம். தானே ஒரு முதலாளியாக இருந்து இதைச் சொன்னார் என்பதால் அவர்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. எந்த அரசும் பொருட்படுத்தவில்லை. 1859-இல் அவர் இறந்தார். 1890 மார்ச்சில் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பெர்லினில் ஒரு மாநாடு கூட்டினார். அந்த மாநாட்டை விரும்பாத தலைமையமைச்சர் பிஸ்மார்க், அது நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே பதவி விலகினார். மாநாட்டில் மிஞ்சியவை சில பரிந்துரைகள் மட்டுமே. யாரையும் எதுவும் கட்டுப்படுத்தவில்லை.

அரசுகளால் முடியாததை அறிஞர்கள் வேறு வழியில் தொடங்கினார்கள். 1900 ஜூலையில், உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்த பாரிஸில் கூடி, சர்வதேசத் தொழிலாளர் சட்டச் சங்கம் என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், ஆலை ஆய்வாளர்கள், சில தொழிற்சங்கத்தினர், சில அரசு அதிகாரிகள் அதில் இருந்தார்கள். 1901 மே மாதம் அதன் அலுவலகம் பாசெலில் திறந்தது. சர்வதேசத் தொழிலாளர் அலுவலகம் என்று பெயர். சந்தாவும் அரசுகள் கொடுத்த சிறு மானியங்களும்தான் வருமானம். பொறுப்பேற்றவர் வியன்னாவில் பிறந்த பொருளியலாளர் ஸ்டெஃபான் பாவர்.

பாவரின் பெயர் இன்று பெரும்பாலும் மறந்துபோய்விட்டது. கூட்டத்தைக் கவர்ந்த பேச்சாளர் என்றோ வேலைநிறுத்தத் தலைவர் என்றோ அவரைச் சொல்ல முடியாது. அவர் செய்தது தொகுப்பு வேலை. 1902 முதல் அந்த அலுவலகம் ஒரு 'புல்லட்டின்' வெளியிட்டது. முதலில் ஜெர்மனும் பிரெஞ்சும், 1906 முதல் ஆங்கிலமும். ஒவ்வொரு நாட்டிலும் புதிதாக வந்த தொழிலாளர் சட்டம், அதன் கீழ் அமைச்சகம் பிறப்பித்த ஆணை, நாடாளுமன்றத்தில் நிலுவையில் இருக்கும் மசோதா, தொழிலாளர் மாநாடுகளின் தீர்மானம், புதிதாக வந்த நூல்களின் பட்டியல் எல்லாம் நாடுவாரியாக அதில் வரும். படிக்க உட்கார்ந்தால் கொட்டாவி வரக்கூடிய நூல்தான். ஆனால் அதை யார் பயன்படுத்தினார்கள் என்று யோசிக்க வேண்டும். ஒரு சிறிய நாட்டின் சட்டமன்றத்தில் எழுந்து நிற்கும் உறுப்பினரிடம் அமைச்சர், "இப்படி ஒரு தடை உலகில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், இனி அவர் பக்க எண்ணோடு பதில் சொல்லலாம். அதற்கு முன்பு அந்தப் பதிலைத் தேட எட்டு மொழி தெரிந்த ஆளும் எட்டு நாட்டு அரசிதழும் வேண்டியிருந்தன.

சங்கம் முதலில் ஆராய எடுத்துக்கொண்டவை பெண்களின் இரவு வேலையும், வெள்ளை பாஸ்பரஸ், ஈயம் போன்ற விஷப் பொருள்களும். பாஸ்பரஸை முன்வரிசையில் வைத்தது மிகச் சரியான தேர்வு என்பது என் கணிப்பு. வேலைநேரச் சட்டத்தை மீறி நெய்த துணியை எடுத்துப் பார்த்தால், அது எட்டு மணிநேரத்தில் நெய்ததா பதினான்கு மணிநேரத்தில் நெய்ததா என்று துணி சொல்லாது. தீக்குச்சியை எடுத்துச் சோதித்தால் அதில் வெள்ளை பாஸ்பரஸ் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஆலையில் பிடிக்கலாம், கடையில் பிடிக்கலாம், துறைமுகச் சுங்கத்திலும் பிடிக்கலாம். ஒப்பந்தம் போட்ட நாடு ஏமாற்றுகிறதா என்று மற்ற நாடுகள் பார்த்துக்கொள்ள முடியும்.

1905-இல் ஸ்விட்சர்லாந்தின் பெர்னில் நிபுணர்களின் மாநாடு கூடியது. பாஸ்பரஸ் தடைக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: ஜப்பானும் சேர வேண்டும். ஆசியச் சந்தைக்குத் தீப்பெட்டி ஏற்றுமதி செய்துகொண்டிருந்த ஜப்பான் மறுத்துவிட்டது. பழைய பாட்டு மறுபடி கேட்கத் தொடங்கியிருக்க வேண்டிய இடம் இது. ஆனால் 1906 செப்டம்பரில் அதே பெர்னில் அரசுத் தூதர்கள் கூடியபோது, ஜப்பான் இல்லாமலேயே ஏழு நாடுகள் கையெழுத்திட்டன: ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, டென்மார்க், நெதர்லாந்து, லக்சம்பர்க், ஸ்விட்சர்லாந்து. அவற்றில் பல நாடுகள் ஏற்கெனவே தங்கள் மண்ணில் தடை போட்டிருந்தன. மீதி நாடுகளுக்கு இருந்த அச்சம் எவ்வளவு சிறியது என்பது புல்லட்டினில் அச்சாகியிருந்த சட்டங்களை வரிசையாகப் பார்த்தாலே விளங்கியது. தொழிலாளர் பாதுகாப்புக்காகப் பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட முதல் உடன்படிக்கைகள் அந்த மாநாட்டில் பிறந்தவைதான். பெண்களின் இரவு வேலை பற்றிய மற்றோர் உடன்படிக்கையில் 14 நாடுகள் கையெழுத்திட்டன. அது பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால் சிறு பட்டறைகளில் இருந்த பெண்கள் வெளியே விடப்பட்டார்கள்.

பிரிட்டன் பாஸ்பரஸ் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. எங்கள் ஆலை விதிகளே போதும் என்றது. 1888-இல் பௌ பகுதியில் இருந்த பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலையின் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தம் லண்டனையே உலுக்கிய நாடு அது. அதே நிறுவனம் தன் தொழிலாளர்களுக்கு வந்த தாடை நோயை அரசுக்குத் தெரிவிக்காமல் மறைத்ததற்காக 1898-இல் அபராதம் கட்டியது. விதிகளே போதும் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு தேவையில்லை. 1908-இல் பிரிட்டன் வழிக்கு வந்தது. வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் நிறைவேறி, 1910 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது.

இந்தக் காலகட்டத்தில் லண்டனில் புல்லட்டினின் ஆங்கிலப் பதிப்பைச் சுமந்தவர் சோஃபி சாங்கர். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் படித்தவர். பெண்கள் தொழிற்சங்கக் கழகத்தில் வேலை செய்தபோது, விபத்து இழப்பீடும் பிடித்துக்கொண்ட கூலியும் கேட்டு வரும் பெண்களின் வழக்குகளைப் பார்த்தே சட்டம் கற்றார். வழக்குரைஞர் அலுவலகத்தில் இருந்து வந்த அறிவு அன்று, தொழிலாளி மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னதிலிருந்து வந்த அறிவு. சங்கத்தின் பிரிட்டிஷ் கிளைக்குச் செயலாளராகி, ஜெர்மன், பிரெஞ்சுச் சட்ட வாசகங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். சாதாரணத் தொழிற்சங்க ஊழியரும் படிக்கவேண்டும் என்று 'உலகத் தொழிலாளர் சட்டங்கள்' என்று பொருள்படும் பெயரில் தனியே ஒரு காலாண்டிதழும் நடத்தினார்.

மொழிபெயர்ப்பு என்றால் சொல்லுக்குச் சொல் வைப்பது என்று நினைப்பவர்கள் சாங்கரின் வேலையை எடை போட முடியாது. ஒரு நாட்டில் 'ஆலை' என்றால் இயந்திரம் ஓடும் இடம். இன்னொரு நாட்டில் இத்தனை பேருக்கு மேல் வேலை செய்யும் இடம். ஒரு நாட்டில் பன்னிரண்டு வயதில் முடியும் குழந்தைப் பருவம் வேறொரு நாட்டில் பதினான்கில் முடியும். இவற்றை ஒரே மாதிரிச் சொல்லால் எழுதிவிட்டால் ஒப்பீடே பொய்யாகிவிடும். ஒவ்வொரு சட்டத்தையும் அந்த நாட்டு நிர்வாக ஏற்பாட்டோடு புரிந்துகொண்டு எழுத வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் இந்த வேலை வேறொரு விதமாக நடந்தது. சங்கத்தின் அமெரிக்கக் கிளை 1906-இல் தொடங்கியது. அதன் செயலாளர் ஜான் ஆண்ட்ரூஸ், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பொருளியலாளர் ஜான் காமன்ஸிடம் பயின்றவர். அமெரிக்க ஆலைகள் சுத்தமானவை, இந்த நோய் ஐரோப்பாவின் நோய் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். ஆண்ட்ரூஸ் நாட்டின் தீப்பெட்டி ஆலைகளுக்கு நேரில் போனார். ஆலை இருந்த ஊர்களில் மருத்துவர்களையும் பல் மருத்துவர்களையும் கேட்டு, வீடு வீடாகத் தேடி, நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் திரட்டினார். அந்த அறிக்கையை 1910 ஜனவரியில் மத்தியத் தொழிலாளர் பணியகத்தின் புல்லட்டின் வெளியிட்டது. தாடை போனவர்களின் படங்களைப் பார்த்த பிறகு, ஐரோப்பிய நோய் என்ற பேச்சு எடுபடவில்லை.

அங்கே தடையாக நின்றது அரசியலமைப்பு. மாநிலத்துக்குள் நடக்கும் உற்பத்தியை மத்திய அரசு தடை செய்ய முடியாது என்பது அன்றைய நிலை. வரி போடும் அதிகாரம் மட்டும் உண்டு. வெண்ணெய்க்குப் போட்டியாக வந்த மார்ஜரினை முன்பே இப்படித்தான் வரியால் அடக்கியிருந்தார்கள். அதே வழியில், வெள்ளை பாஸ்பரஸ் வைத்த நூறு குச்சிக்கு இரண்டு சென்ட் வரி என்று விஸ்கான்சின் உறுப்பினர் ஜான் எஷ் மசோதா கொண்டுவந்தார். அந்த வரியோடு ஒப்பிட்டால் குச்சியின் விலையே ஒன்றுமில்லை. வரி போட்டால் தயாரிப்பதில் பொருளே இருக்காது. விஷமில்லாத குச்சிக்கான காப்புரிமையை அமெரிக்காவில் வைத்திருந்த டயமண்ட் மேட்ச் நிறுவனமும் மக்கள் கண்டனத்துக்குப் பணிந்து 1911-இல் அந்த உரிமையைப் பொதுவில் விட்டுக்கொடுத்தது. 1912 ஏப்ரலில் சட்டம் நிறைவேறியது. காமன்ஸும் ஆண்ட்ரூஸும் சேர்ந்து 1916-இல் வெளியிட்ட 'தொழிலாளர் சட்டமியற்றலின் கோட்பாடுகள்' இந்த அனுபவங்களிலிருந்து எழுந்த பாடநூல். இருபது ஆண்டுக்காலம் திருத்திய பதிப்புகளாக வந்துகொண்டிருந்தது.

பாசெல் சங்கம் தந்த இன்னொரு சிறு நூலையும் சொல்லாமல் விட மனமில்லை. ஜெர்மனியின் சோமர்ஃபெல்ட், இங்கிலாந்தின் சர் தாமஸ் ஆலிவர், பெல்ஜியத்தின் பூட்செ என்ற மூன்று மருத்துவ அறிஞர்கள் உருவாக்கிய தொழில்சார் விஷங்களின் பட்டியல் அது. பொருளின் பெயர், அது புழங்கும் தொழில்கள், உடலுக்குள் நுழையும் வழி, நோயின் அறிகுறிகள் என்று கட்டம் கட்டமாக அமைந்தது. ஈயம், பாதரசம், ஆர்சனிக், அனிலின் என்று வரிசையாகப் போகும். ஏன் மயக்கம் வருகிறது என்று தெரியாமல் வேலை செய்த சாயப்பட்டறைத் தொழிலாளியிடம் என்ன கேட்கவேண்டும் என்பதை எந்த ஊர் மருத்துவரும் இந்தப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பெர்னின் அலை இந்தியாவுக்கும் வந்தது. பிரிட்டன் சட்டம் செய்த ஐந்தாம் ஆண்டு, 1913-இல், வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் இங்கே இயற்றப்பட்டது. அன்று இந்தியர்கள் கொளுத்திய குச்சியில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு. 1922-இல் ஒரு குரோஸ் (பன்னிரண்டு டஜன்) பெட்டிக்கு ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி விழுந்த பிறகுதான் உள்நாட்டுத் தொழில் எழுந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து, சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸ் (ஆலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) தொடங்கினார்கள். ஆக, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் இந்தத் தொழிலில் இறங்கும்போது வெள்ளை பாஸ்பரஸ் சட்டத்துக்குப் புறம்பாகி ஒன்பது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. லண்டனின் பௌ பகுதிப் பெண்களுக்கு வந்த நோய் நம் கரிசல் காட்டுப் பெண்களுக்கு வராமல் போனதற்கு இந்தக் கால வரிசையும் ஒரு காரணம். இதை நம் தீப்பெட்டித் தொழிலின் வரலாற்றை எழுதுபவர்கள் ஒரு வரியாவது சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

அதே ஊர்களில் மற்றொன்று நடந்தது. குச்சிகளைக் கட்டையில் அடுக்கவும் பெட்டி ஒட்டவும் குழந்தைகளை வைத்தார்கள். 1938-இன் குழந்தைகள் வேலைச் சட்டம் தன் அட்டவணையிலேயே தீப்பெட்டி, வெடிமருந்து, பட்டாசுத் தயாரிப்பைக் குறிப்பிட்டு, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரை அவற்றில் சேர்க்கக் கூடாது என்றது. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையிலும் அவை திரும்ப வந்தன. அதற்குப் பத்து ஆண்டு கழித்தும், 1996 டிசம்பரில், சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளியிடம் வாங்கச் சொல்லவேண்டியிருந்தது. விஷ மருந்தைக் குச்சியிலிருந்து நீக்கியதுபோல் குழந்தையின் விரலைத் தீப்பெட்டியிலிருந்து நீக்க முடியவில்லை. பெட்டியைப் பார்த்து யார் ஒட்டினார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஆபீசுக்குள் போய்ப் பார்க்கும் ஆய்வாளர் வேண்டும். அவர் வருவது முன்கூட்டியே தெரியாமல் இருக்கவும் வேண்டும்.

பாசெல்காரர்களுக்கு இந்தக் குறை தெரியாமலில்லை. சட்ட வாசகத்தை மட்டும் அடுக்கினால் காகிதத்தில் நல்ல பிள்ளையாக இருக்கும் அரசுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்ததாகிவிடும் என்று உணர்ந்து, 1911-இல் தொழிலாளர் சட்டங்களின் நிர்வாகம் பற்றி ஓர் ஒப்பீட்டு அறிக்கை வெளியிட்டார்கள். ஐரோப்பிய நாடுகளில் ஆலை ஆய்வு எப்படி நடக்கிறது என்பதை எடுத்துக்கொண்ட முதல் ஒப்பீடு அது. ஆய்வாளர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன அதிகாரம், எத்தனை ஆலைகளைப் பார்த்தார்கள் என்று நாடு நாடாகக் கேட்டது. புல்லட்டினைவிடக் கூர்மையான நூல் இதுதான் என்பேன். ஒரு நாட்டின் சட்டத்தைக் கேட்டால் அரசு பெருமையோடு எடுத்துக் கொடுக்கும். ஆய்வாளர் எண்ணிக்கையைக் கேட்டால் தயங்கும்.

1913 செப்டம்பரில் பெர்னில் மறுபடி நிபுணர்கள் கூடினார்கள். இளையோரின் இரவு வேலைக்குத் தடை, பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணிநேர வேலைநாள் என்று இரண்டு வரைவுகள் தயாராயின. 1906-இல் நடந்ததுபோலவே, அரசுத் தூதர்கள் கூடிக் கையெழுத்திட அடுத்த ஆண்டு செப்டம்பரைக் குறித்தார்கள். 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. கையெழுத்திட வரவேண்டியிருந்த நாடுகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன.

ஸ்விட்சர்லாந்து நடுநிலை நாடு என்பதால் பாசெல் அலுவலகத்தை மூடவேண்டிய நிலை வரவில்லை. பாவர் புல்லட்டினை நிறுத்தவில்லை. போரிடும் இரு தரப்பு நாடுகளின் சட்டங்களும் 1919 வரை அதில் வந்துகொண்டிருந்தன. ஆயுத ஆலைகளுக்காகத் தளர்த்தப்பட்ட வேலைநேர விதிகளும் விலக்கு ஆணைகளும் சேர்த்துத்தான். போர் முடிந்ததும் வெர்சாய் உடன்படிக்கையின் பதின்மூன்றாம் பகுதி புதிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பை உருவாக்கியது. தொழிலாளர் நிலைமை பற்றிய தகவல்களைத் திரட்டி உலகுக்குத் தருவதை அதன் அலுவலகத்தின் கடமையாகவே எழுதிவைத்தார்கள். 1919-இல் வாஷிங்டனில் கூடிய முதல் மாநாடு, பெர்னின் பாஸ்பரஸ் உடன்படிக்கையில் சேராத நாடுகள் சேரவேண்டும் என்று பரிந்துரைத்தது. 1920-களில் ஜப்பானும் சீனாவும் தடை போட்டன.

புதிய அலுவலகம் ஜெனீவாவில் அமைந்தபோது அதன் தொழிலாளர் சட்டப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் சோஃபி சாங்கர். உலகச் சட்டங்களைத் தொகுத்து வெளியிடும் வேலையை அங்கே 'லெஜிஸ்லேடிவ் சீரிஸ்' என்ற பெயரில் தொடங்கிவைத்தார். பாசெலின் சந்தாதாரர்களின் கையில் இருந்த வேலை அரசுகளின் பொறுப்பாக மாறியது. 1989 வரை வந்த அந்தத் தொடர் எப்படி வளர்ந்தது, 1924-இலேயே சாங்கர் அந்தப் பதவியை விட்டுப் போக நேர்ந்தது, இரண்டாம் உலகப் போரின் நடுவே ஜெனீவாவை விட்டு மாண்ட்ரியாலுக்குக் குடிபெயர்ந்த அலுவலகம் அங்கிருந்து உலகத் தொழிலாளர் சட்டக் கோவை ஒன்றை அச்சிட்டது ஆகியவை அடுத்த பகுதியில்.

(தொடரும்)